சுக்குப் பற்று டீச்சர்

அவளை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சாந்தோமில் வீடு, மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. மத்தியான மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள்; நான் காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்த உட்காருவேன். தூக்கில் சோறு விறைத்துப்போகும். சாயங்காலம் தொண்டை கட்டி, தலை வெடிக்க வீட்டுக்கு வந்து, சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். நல்ல ஆசிரியைக்கு இதுதான் அடையாளம் என்று உள்ளூர ஒரு கர்வம் வேறு.

அப்போதுதான் அவள் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். டிராம் இருக்க, ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வருவாள். மேஜைமேல் கூஜா நிறையத் தண்ணீர். பாடத்தின் நடுவே நிறுத்தி நிறுத்திக் குடிப்பாள். மத்தியானம் நோட்டைத் தொடவே மாட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கல்யாணப் பந்தி மாதிரி நிதானமாக மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். கடைசிப் பீரியடிலும் அவள் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூட ஆயாவும் சும்மா இருக்கமாட்டாள். "இன்னா டீச்சரம்மா, துன்னாமலே கீறியே? அந்தப் புது டீச்சரைப் பாரு, எப்படி ஷோக்கா கீது!"

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் மகள் அவள் வகுப்பில் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் பற்றோடு படுத்திருந்தேன். கூடத்தில் மகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிகள்தான் பிள்ளைகள். சிரித்துச் சிரித்துப் பாடம் சொன்னாள். "இருங்க, டீச்சர் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று தம்ளரை எடுத்தாள். அது யார் என்று கேட்கவே வேண்டாம். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து நெற்றி முழுக்கப் பூசினாள். முகத்தைச் சுளித்து, கம்மிய குரலில், "சத்தம் போடாத, தலை வலிக்குது, அப்புறம் வா" என்று கம்பிகளை வரிசையாக அடித்தாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மறுநாள் மணி அடித்ததும் நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் சொல்லிக் கேட்காததை, வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்காததை, வயிற்றெரிச்சல் செய்ய வைத்தது. அதே வேப்பமரத்தடியில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுடையதைவிடப் பெரிய கூஜாவாகப் பார்த்து வாங்கினேன். சாயங்காலங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை நடந்தேன். என் பிள்ளையை அவளிடமிருந்து மீட்க வேண்டுமே! மழைக்காலம் வருவதற்குள் சுக்கு டப்பாவையே மறந்துவிட்டேன்.

அப்படி ஒரு மழை நாளில் மறுபடி ஜன்னலுக்கு முன்னால் பாடம் நடந்தது. டீச்சர் சிரித்தாள், தண்ணீர் குடித்தாள். குச்சியைக் காணோம். நான் எழுந்து கூடத்துக்குப் போனேன்.

"இது எந்த டீச்சர்டி?"

"எங்க டீச்சர்தாம்மா."

"அப்போ நான் எப்ப வருவேன்?"

கொஞ்சம் யோசித்தாள். "நீ இப்பல்லாம் வர்றதில்லம்மா. உனக்குத்தான் தலைவலியே இல்லியே, நான் எதைச் செஞ்சு காட்டுறது?"

சொல்லிவிட்டுக் கம்பிகளின் பக்கம் திரும்பிவிட்டாள். நான் திடமாக நின்றுகொண்டு, அந்த ராயப்பேட்டைக்காரிமேல் மறுபடியும் வயிறெரிந்தேன்.