பள்ளத்துக்கு ஒரு முனகல்

மாமியாரின் முனகலுக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த மருமகன் இன்னொருவன் இருந்தால் அவனுக்குச் சிலையே வைக்கலாம்.

நம் ஆள் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவனை இந்தப் பெருநகரத்துக்கு மாற்றியபோது மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். முதல் குழந்தை ஆறாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. "இந்தத் தடவை உடம்பு குலுங்கக் கூடாது. வலி வந்தா தாமதிக்காம கூட்டிட்டு வாங்க" என்று புது ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சாக்கடைக் குழாய்க்கு ஒரு பக்கம், சுரங்க ரயிலுக்கு ஒரு பக்கம். காலையில் இருந்த தெரு சாயங்காலம் இருக்காது. செல்போன் வரைபடமோ நேராகப் போகச் சொல்லும். நேராகப் போனால் பள்ளத்துக்குள் நின்று வேலை செய்கிற ஆள் அண்ணாந்து பார்த்து, "எங்க வர்றீங்க?" என்பார்.

சூடுபட்ட பூனை சும்மா இருக்குமா? பழைய கார் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் தினமும் ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் பார்த்தான். இரண்டு நாளில் ஒன்று புரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனுக்குக் குலுக்கல் பாதிதான் தெரியும். லிஃப்ட் எப்படி நிற்கிறது என்பதை மேலே மோட்டார் அறையில் நின்று சொல்ல முடியாது, உள்ளே ஏறி நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். பின் சீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

வீட்டில் இருந்த ஒரே ஆள் மாமியார்தான். தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் இவனுக்கும் இருந்த பேச்சு, "சாப்பிட்டீங்களா மாப்ள?", "ஆச்சு அத்தை" என்பதோடு சரி.

"வண்டி குலுங்கி வலிச்சா உடனே சொல்லணும் அத்தை. மரியாதை பாத்து பல்லைக் கடிச்சிட்டு உக்காரக் கூடாது."

"மாப்ளகிட்ட போய் வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?"

"சொல்ல வேணாம். முனகுங்க, போதும்."

முதல் நாள் கூச்சத்தில் சத்தமே வரவில்லை. போகப் போக அந்த அம்மா கைதேர்ந்துவிட்டார். சின்ன மேட்டுக்கு "ம்". தோண்டி மூடிய இடத்துக்கு "அம்மாடி". மரக்கடைத் திருப்பத்தில் "அம்மாடியோவ்" என்று வந்ததும் அந்த வழியையே கைவிட்டான். நேர்சாலைத் தடுப்புக் கட்டையருகே கொடி பிடித்து நிற்கிற பெண்ணிடம் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, நாளைக்கு எந்தத் தெருவுக்குக் கேடு?" என்று மாமியாரே துப்புத் துலக்குவார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். திரும்பி வரும்போது தபால் ஆபீஸ் கதையெல்லாம் வரும். அதைக் கேட்கவே அவன் இன்னொரு சுற்றுப் போனதும் உண்டு.

"மாமியாரும் மருமகனும் ஊர் சுத்த என் வயிறு ஒரு சாக்கு" என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. கிடங்குத் தெரு, அச்சகத்துச் சந்து, பிறகு புதிதாகத் தார் போட்ட அகலச் சாலை. ஏகப்பட்ட சுற்று, ஆனால் அலுங்காமல் குலுங்காமல் போய்விடலாம். அதை உறுதி செய்ய ஒரு விடுமுறைப் பகலில் இருவரும் கிளம்பினார்கள்.

தார்ச் சாலையில் ஏறியதும் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது.

பழக்கத்தில் பிரேக்கை மிதித்தவன் சாலையைப் பார்த்தான். "அத்தை, இங்க பள்ளமே இல்லையே."

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

"எங்க வலிக்குது?"

"இடது கை, மாப்ள. காலையிலேர்ந்தே. இப்ப நெஞ்சுலயும். இன்னைக்கு வழியைப் பாத்துட்டு வந்துடலாம்னுதான்..."

கண்ணாடியில் பார்த்தான். அவர் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. இந்த வழியில் போனால் இன்னும் வெகுநேரமாகும். வண்டியைத் திருப்பி நேர்சாலைக்கு விட்டான். கொடி பிடித்த பெண் கையைக் காட்டி மறித்தாள், பின் சீட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கட்டையை இழுத்து வழிவிட்டாள். ஒரு கார் போகிற அளவு மண்ணும் சேறும்தான் மிச்சம். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது.

"அம்மாடி" என்றார் மாமியார். உடனே, "இது பள்ளந்தான் மாப்ள. பயப்படாதீங்க" என்றார்.

அடுத்த குழியிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த குழியில் சத்தம் வரவில்லை.

"அத்தை, சத்தம் குடுங்க."

வண்டி இன்னொரு முறை எகிறி விழுந்தது. பின்னால் பேச்சு மூச்சில்லை. இந்த மனுஷி இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகத் தன்னால் முடியாது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணை நீர் மறைத்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

"முனகுங்க அத்தை. ஒரே ஒரு தடவை."

"ம்" என்று மெல்ல வந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் கிடத்தி உள்ளே கொண்டுபோனார்கள். அவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். இப்ப பயமில்ல" என்றார். அதன் பிறகுதான் மனைவிக்குப் போன் செய்ய வேண்டும் என்பதே உறைத்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீ அங்கேயே இரு. நானே வந்து சுத்துவழியில மெதுவா கூட்டிட்டு வர்றேன்" என்றான். மறுமுனையில் போன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது.

மருந்துச் சீட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு அவன் காரை எடுக்க வாசலுக்கு வருவதற்குள் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஜன்னல்வரை சேறு. உள்ளேயிருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு மனைவி இறங்கினாள்.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். "வலிக்குதா? எந்த வழியா வந்தே?"

"வலியெல்லாம் இல்ல, உதைக்கிறான். வழியை யாரு பாத்தா? எங்கம்மா எங்க?"

அவளைத் திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அவன் காரிலும் அதே சேறுதான் அப்பியிருந்தது. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.