பதிவு அலுவலகத்தில் அவள் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜார்ஜ்டவுனில் திருமணப் பதிவு அலுவலகத்தில் நடந்தது இது. எங்கள் ஊரில் பலர் முதலில் பதிவுத் திருமணம் செய்துகொள்வார்கள். கோயிலில் தாலி கட்டுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான். பத்து காவான் என்ற புறநகரில் இருவர் பேரிலும் வீடு வாங்க வேண்டும் என்பதால் நாங்களும் அப்படித்தான் முடிவு செய்திருந்தோம்.

கைப்பேசியில் ஒரு திருமணச் செயலி மூலம் அறிமுகமானவள் அவள். பழகி ஐந்து மாதம். அதில் நான் என்னை இன்ஜினியர் என்று போட்டிருந்தேன். உண்மையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அதைப் போட்டிருந்தவரை ஒரு பெண்கூடப் பதில் போடவில்லை. மாற்றிய வாரமே மூன்று பேர்! பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே வந்தேன். கோழைத்தனம், வேறென்ன?

இரண்டு குடும்பமும் பின்னால் உட்கார்ந்திருக்க, நாங்கள் மேசையில் விண்ணப்பப் பாரத்தை நிரப்பினோம். தொழில் என்ற இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அரசாங்கப் பாரம். பொய் எழுதப் பயம், உண்மை எழுத அதைவிடப் பயம். கடைசியில் டெக்னீஷியன் என்றே எழுதினேன். அவள் பார்த்துவிட்டாள்.

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காமல் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது. "வேற என்னென்ன பொய் இருக்கு? இப்பவே சொல்லிடுங்க லா" என்றாள் தாழ்ந்த குரலில். நான் ஓட்டி வரும் கார் அண்ணனுடையது என்பதையும் சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து வந்தவள் நேராகத் தன் அம்மாவிடம் போனாள். "சாரி மா, பர்த் சர்டிபிகேட்ட வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். இன்னிக்கு முடியாது."

அது அவள் கைப்பையில்தான் இருந்தது. சற்று முன்புதான் என்னிடம் எடுத்துக் காட்டியிருந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் அம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நான் வாய் திறக்கப் போனபோது கண்ணாலேயே அடக்கினாள்.

படியிறங்கும்போது சொன்னாள்: "டெக்னீஷியன்னா எனக்கு ஒன்னும் இல்ல. பொய்தான் பிடிக்கல. எங்க வீட்டுல நீங்களே வந்து சொல்லுங்க. மூணு மாசம் முதல்லேருந்து பழகிப் பாக்குறேன். அப்புறமும் வேணாம்னா, வேணாம்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் அப்பா ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளோ ஒரு சனிக்கிழமை தொழிற்சாலை வாசலுக்கே வந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நின்ற என்னைச் சாப்பிட அழைத்துப் போனாள். நான்காவது மாதம் அதே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம்.

செயலியில் நான் காட்டிய ஆளை யார் வேண்டுமானாலும் விரும்பியிருப்பார்கள். என் பொய் முழுவதையும் தெரிந்துகொண்ட பிறகும், ஊர் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று அந்தத் திட்டைத் தானே வாங்கிக்கொண்டாளே, அந்த மனசுக்கு என் ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.