முனை மழுங்கிய ஊசி

எனக்கு லேஸ் பின்ன ஊசி வாங்கி வந்தவள் என் சிநேகிதி. மேட்டூரில் ஆலைக் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிப்ட். பள்ளிக்கூடத்தை ஒன்றாக முடித்துவிட்டு இருவரும் வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஒரே குடைக்குள் போவோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலி என்று பூசை முடிந்ததும் சாமியார் சொன்னார். விருப்பமுள்ள பெண்கள் பீடத்துணிக்கு ஓரம் வைக்கிற மாதிரி கொஞ்சம் லேஸ் பின்னிக்கொண்டு வரவேண்டும். மாதிரியும் மடத்திலிருந்தே வந்தது. வரிசையாக இலைகள், நடுவில் துளைகள்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இருந்தாலும் அந்த வேலை மேல் ஆசை விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் இருந்தது குழந்தைக் குல்லாய் பின்னுகிற தடித்த ஊசி. சன்ன நூலை அதில் போட்டால் கொசுவலை மாதிரி தொளதொளவென்று வந்தது. இலையின் நுனி வருகிற இடத்தில் ஊசியில் நிற்கிற மூன்று நூல் கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். மூன்றுக்குள்ளும் ஊசி ஒரே மூச்சில் நுழைந்தால்தான் நுனி கூர்மையாக விழும். அதனால் ஊசி சன்னமாக இருக்க வேண்டும், முனை கூராக இருக்க வேண்டும் என்று நானே யோசித்து வைத்திருந்தேன். சேலம் போய்ப் பார்த்து வாங்க வழியில்லை. அம்மா அப்போதுதான் கடைசித் தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தாள்.

"நான் வாங்கியாரேன். அந்த வேலைக்கு நான் நிக்கல. கை வர்றது உனக்குத்தான்" என்றாள் சிநேகிதி.

சேலத்திலிருந்து அவள் கொண்டுவந்தது பளபளக்கும் அலுமினிய ஊசி. சன்னம்தான். ஆனால் முனை மொண்ணையாக இருந்தது.

"கூரா இல்லியாடி?"

"கடைக்காரரே சொன்னாரு. லேஸ் நூலுக்குக் கூர் ஆவாதாம். குத்திக் குத்திப் புரி பிரிஞ்சுபோயிருமாம். மழுங்கலாத்தான் இருக்கோணுமாம்."

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கூர் முனை நூலைப் பிரிப்பதும் உண்டு. நான் நம்பினேன். அவள் சொன்னதை நம்பாமல் யார் சொன்னதை நம்புவேன்?

அந்த ஊசியோடு நான் பட்ட பாடு! மூன்று கண்ணிக்குள் முனை போகாது. அழுத்தினால் வழுக்கி ஒரு கண்ணி கழன்றுவிடும், கழன்றது கீழே இறங்கிக்கொண்டே போகும். சாயங்காலம் தோறும் அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் அழுகிற நிலைக்கு வந்ததும், "கொடு இப்படி" என்று வாங்கி, கழன்ற கண்ணியை நூல் சிக்காமல் மெதுவாக எடுத்துக் கொடுப்பாள். "பொறுமையாப் பின்னு புள்ள, உனக்கு வந்துரும்" என்பாள். இந்தப் பொறுமை என் கூடப்பிறந்தவர்களுக்குக்கூட இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

லேஸைக் காட்டும் நாளன்று அவளும் துணைக்கு வருவதாகச் சொல்லி என்னோடு பஸ் ஏறினாள். மடத்தில் தையல் அறை மேஜை மேல் என் லேஸை விரித்தேன். இலைகள் நுனியில் மொத்தையாக உருண்டிருந்தன. துளைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. சிஸ்டர் தடவிப் பார்த்தார்.

அப்போது என் சிநேகிதி தன் பையைத் திறந்து இன்னொரு லேஸை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். அத்தனை இலையும் அப்போதுதான் கிள்ளியெடுத்தது போல இருந்தது.

"எந்த ஊசியில பின்னின?" என்று சிஸ்டர் அவளைக் கேட்டார். அவள் ஒரு ஜோடி எஃகு ஊசியை எடுத்து நீட்டினாள். சிஸ்டர் அதன் முனையை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "உன் சிநேகிதிக்கு இவ்வளவு நல்ல ஊசி கிடைச்சிருக்கே, உனக்கு மட்டும் ஏன் கிடைக்கல?"

அவளே சொல்லட்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை அவளுக்கே கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் ஓமலூர் தாண்டியதும் கேட்டேன்.

"ரெண்டு ஊசியும் ஒரே கடையிலதானே வாங்குன?"

"ஆமா."

"கடைக்காரர் சொன்னதா சொன்னியே?"

"அவர் ஒண்ணும் சொல்லல. உனக்குச் சங்ககிரியில மாப்பிள்ளை இருக்காரு, லாரி இருக்குது, ஊடு இருக்குது. எனக்கு என்னடி இருக்குது? கேட்டிருந்தா நீ விட்டுக் கொடுத்திருப்பியா?"

"விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனா உன்னைய மழுங்கல் ஊசியில பின்ன வெச்சிருக்க மாட்டேன்."

அதற்கு அவள் அழுதாள். நான் அழவில்லை. வேலை போனதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கழன்ற கண்ணிகளை எடுத்துக் கொடுத்த அந்த விரல்களைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் கழன்றது என்று தெரிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தவள்.

அம்மாவிடம் சொன்னேன். "போவுது உடு சாமி. உனக்குத்தான் கல்யாணம் ஆவப்போவுதே" என்றாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் ஏமாந்தது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. கல்யாணத்துக்கு முக்காட்டு லேஸைத் தானே பின்னித் தருவதாக அவள் சொல்லியனுப்பினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மில் லேஸ் வைத்த முக்காட்டோடு பீடத்துக்கு முன்னால் நின்றேன்.

சங்ககிரிக்கு வந்த பிறகு ஒரு நாள் வீட்டுக்காரரோடு சேலம் கடைவீதிக்குப் போனபோது ஊசி கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் முனையையும் கட்டை விரலில் வைத்துப் பார்த்தேன். கையோடு கொண்டுபோயிருந்த நூலை முனையில் சுற்றி இழுத்து, சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். "என்னம்மணி, நகையா வாங்கற?" என்று கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு எனக்குப் பிடித்த எஃகு ஜோடியை நானே எடுத்தேன்.

அதே இலை டிசைனைத்தான் பின்னினேன். மூன்று கண்ணிக்குள்ளும் ஊசி சொன்னபடி போய் வந்தது. நுனிகள் கச்சிதமாக விழுந்தன. முடித்துக் கட்டில் மேல் விரித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர் பார்த்து நல்லாயிருக்கு என்றார், மாமியாரும் சொன்னார். ஆனால் எது கஷ்டமான இடம், அதை எப்படித் தாண்டினேன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் சேலத்தில் இருந்தாள். அவளிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனசு வரவில்லை.