இடைவேளை மணியும் இசக்கியம்மாளும்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால் பாதி நேரம் பாடம் நடத்துவது, மீதி நேரம் மூக்குத் துடைத்துவிடுவது என்று நினைப்பவர்கள் இந்த வேலையைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள். பாடம் நடத்தப் பாதி நேரமெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? சாக்பீஸைத் தின்றவனுக்கு வாய் கொப்பளிக்க வைத்து, ஒற்றைச் செருப்பைத் தேடிக் கொடுத்து, "டீச்சர், இவன் என்னைப் பாக்கான்" என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடுகிறது. என்னோடு சேர்ந்து அவதிப்படும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களே, இது உங்களுக்காக.

அழாத பிள்ளை

எங்கள் பள்ளி கல்லிடைக்குறிச்சிப் பக்கம், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. பள்ளி திறந்த அன்று வகுப்பே ஒப்பாரி வைத்தது. ஒருத்தி மட்டும் அழவில்லை. இசக்கியம்மாள். எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, மடியில் பை. அவளைக் கொண்டுவந்து விட்ட அம்மா செல்விதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பரவாயில்லை, ஒன்றாவது தேறியது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் இடைவேளை வரைக்கும் இருந்தது. மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓட, இசக்கி சிலேட்டைப் பைக்குள் வைத்தாள், பையைத் தோளில் மாட்டினாள், நிதானமாக கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நான் அவளைத் தேடி வாய்க்கால் கரை வரை பதறி ஓடித் திரும்பினால், வாசலில் செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செல்விக்கு அடுத்த தெரு அப்பளக் கம்பெனியில் வேலை. பிள்ளை நேராக அங்கேதான் போயிருக்கிறது. செல்வியின் கையில் உளுந்த மாவு காயக்கூட இல்லை.

"பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு கொஞ்சங்கூட கூசாம பொய் சொல்லுதா டீச்சர்!"

வாழையும் பன்றியும்

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். "நாலு மணிக்குத்தான் போகணும், என்ன?" என்று கேட்டால் அழகாகத் தலையாட்டுவாள். இடைவேளை வந்தால் பை தோளுக்கு ஏறிவிடும். சரி, பாடத்தைச் சுவாரசியமாக நடத்தினால் உட்காருவாள் என்று கழித்தல் கணக்கைக் கதையாகச் சொன்னேன். தோட்டத்தில் பத்து வாழை. ராத்திரி ஒரு பன்றி வந்து மூன்று வாழையைச் சாய்த்துவிட்டது. மீதி எத்தனை?

இசக்கி கண்ணை விரித்துக் கேட்டாள். நானும் உற்சாகமாக விரலை மடக்கிக் காட்டினேன். முன்வரிசை முத்துக்குமார் எழுந்து நின்றான். அவனுடைய அப்பா குத்தகைக்கு வாழை போட்டிருக்கிறார்.

"பன்னி வந்துட்டுன்னா மூணோட போவாது டீச்சர். விடிஞ்ச பொறவு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் மணி அடித்தது. இசக்கியும் சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள்.

காவலுக்குப் போன ஃபாத்திமா

பெரிய சாரிடம், அதாவது எங்கள் தலைமையாசிரியரிடம், முறையிட்டேன். அவர் கேட்டைப் பூட்டச் சொன்னார். இசக்கி வேலி இடைவெளியில் முதலில் பையைத் தள்ளி, பிறகு தானும் நுழைந்து போனாள். தேங்காய் மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம். வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குள் செல்விக்கு அலுத்துவிட்டது. வேலையை நடுவில் போட்டுவிட்டு வருவதால் கம்பெனி முதலாளி முகத்தைச் சுளிக்கிறாராம். "வேலைய விட்டா எனக்கு வேற போக்கு இல்ல டீச்சர். இந்த வாரம் பாப்பேன். சரிப்படலைன்னா அடுத்த வருசம் சேக்கேன்" என்று சொல்லிவிட்டாள். பெயரைக் கேட்டால் பாட்டாகச் சொல்லும் பிள்ளை, "அ" என்று எழுதிவிட்டு அதற்குப் பொட்டும் வைக்கும் பிள்ளை, ஒரு வருடம் அப்பளத் தட்டுக்கு நடுவில் உட்காருவதா?

வகுப்பிலேயே பொறுப்பான பிள்ளை ஃபாத்திமாவைக் கூப்பிட்டு, மணி அடித்ததும் இசக்கியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடைவேளை முடிந்து பார்த்தால் இரண்டு பேரையும் காணோம். கொஞ்ச நேரத்தில் செல்வி இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். ஃபாத்திமாவின் முகத்தில் சொன்ன வேலையை முடித்த பெருமை.

"கையப் பிடிச்சிக்கிடச் சொன்னிய டீச்சர். கம்பெனி வரைக்கும் விடவே இல்ல, பிடிச்சிக்கிட்டேதான் போனேன்."

அதிகாரி வந்த நாள்

கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் துடைக்கப்படும், நகம் வெட்டப்படும், நமக்கு வயிறு சரியில்லாமல் போகும். அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. முத்துக்குமார்கூடப் பன்றியைப் பற்றிப் பேசவில்லை. அதிகாரி என்னைப் பாராட்ட வாயெடுத்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

இசக்கி பையை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே நடந்தாள். பெரிய சாருக்கு வேர்த்துவிட்டது. அதிகாரி நல்ல மனிதர். குனிந்து, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டார். அவள் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மணி அடிச்சாச்சுல்லா சார். நீங்க வீட்டுக்குப் போவலையா?"

அப்பளக் கம்பெனியில்

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பெரிய சாரிடம் சொல்லிவிட்டு அப்பளக் கம்பெனிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வியின் பக்கத்தில் ஒரு சின்ன மணை இருந்தது. நடக்கப் பழகின நாளிலிருந்து இசக்கி உட்கார்ந்த இடம் அதுதானாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் மாட்டியிருந்த மணி அடித்தது. அவ்வளவுதான். எல்லாரும் கட்டையை வைத்தார்கள், கையைக் கழுவினார்கள், தூக்குவாளியை எடுத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். நாள் முழுக்க அங்கே ஒரே ஒரு மணிதான், அது வீட்டுக்குப் போகும் மணி. இடைவேளை மணி, சாப்பாட்டு மணி, கடைசி மணி என்று பள்ளிக்கூடத்தில் விதவிதமாக அடிப்போம் என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை. பாவம், அவள் ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மணி அடிச்ச பொறவும் உக்காந்திருக்க எம் மவளுக்கு என்ன கிறுக்கா டீச்சர்?"

புதுப் பதவி

எங்கள் பள்ளி மணி என்பது புங்கமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் உரிமை ஐந்தாம் வகுப்பு லீடருடையது. மறுநாள் அந்த இரும்புக் கம்பியை வாங்கி இசக்கியின் கையில் கொடுத்தேன். இடைவேளைக்கு ரெண்டு அடி, சாப்பாட்டுக்கு மூணு அடி, வீட்டுக்குப் போவதற்கு நிறுத்தாமல் ஒரு நீள அடி. "அந்த நீள மணிய அடிக்கிறதுக்கு நீ இங்க இருக்கணும்லா? நீ போயிட்டா யாருமே வீட்டுக்குப் போக முடியாதே" என்றேன். அவள் யோசித்தாள். விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது.

இடைவேளைக்கு ஸ்டூலில் ஏறி ரெண்டு அடி அடித்தாள். நான் அவள் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பை தோளுக்கு ஏறவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. சாயங்காலம் நீள மணி அடித்தாள் பாருங்கள், ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். பெரிய சார் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏட்டி இசக்கி, போதும்! எல்லாரும் போயாச்சு, நான் மட்டுந்தான் இருக்கேன்!"

சாயங்கால பஸ்

வாரம் முடிந்தது. செல்வி வரவில்லை, பிள்ளை போகவில்லை. அடுத்த வருசம் என்ற பேச்சே அதன்பிறகு எழவில்லை. இப்போது இசக்கி வாசிக்கிறாள், கழிக்கிறாள், பன்றி எத்தனை வாழையைச் சாய்க்கும் என்பதில் முத்துக்குமாரோடு சண்டையும் போடுகிறாள்.

போன வாரம் பாளையங்கோட்டையில் என் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. பெரிய சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கொஞ்சம் முன்னதாகவே பஸ்ஸைப் பிடிக்க, தோளில் பையை மாட்டிக்கொண்டு பூனைநடை போட்டேன். கேட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியோடு இசக்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஃபாத்திமா. இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் பஸ் நின்றது, ஹாரன் அடித்தது, போயும்விட்டது.

"நான் இன்னும் நீள மணி அடிக்கலைல்லா டீச்சர். நீங்க எங்கன போறிய?"

ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க நான் பட்ட பாட்டில், கடைசியில் ஒழுங்காக உட்காரப் பழகியது நான்தான்.