பாய் என்றால் அண்ணன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம் பிறக்கிற சமயம். காரைக்காலில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக வேண்டிய முதல் நாள். அன்று காலை நான் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் தெருவில், முன்பின் தெரியாத ஒருவருடைய ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அந்தத் தெருவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால், என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் என்னையும் கூட்டிப்போய்ச் சில வருஷம் கூடவே வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாம் வடக்கத்திப் பெண்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகமில்லை நான். அவர்களோடு பேசிப் பேசியே இந்தி வந்துவிட்டது. இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சண்டை போடத் தாராளமாகப் போதும். பிறகு பிள்ளைகள் படிப்புக்காக நான் ஊர் திரும்பினேன். அவர் அங்கேயே இருந்தார்.

ஃபோன் செய்தாலே அந்த ஊர்ப் பெருமைதான். அங்கே ரோடு இப்படி, ரயில் இப்படி, கட்டடம் வானத்தை முட்டுகிறது என்று ஓயமாட்டார். "நாடுன்னா இதுதான்டி நாடு. நம்ம ஊரு என்னா ஊரு? பஸ்ஸுல ஏறி ஒக்காந்து டிக்கெட்ட வாங்குறதுக்குள்ள தமிழ்நாடு வந்துடுது" என்று காரைக்காலைக் கிண்டல் செய்வார். நானும் விடமாட்டேன். அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு நல்ல கொடுவா மீன் கிடைக்கிறதா என்று கேட்பேன்.

கொரோனா வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷர் திரும்பவில்லை. விமானமும் கிடையாது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் போகவும் கூடாது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அவருடைய சிநேகிதர் மூலமாக எனக்கு ஒரு சின்ன வீடியோ வந்தது. ஒரு மணல் மேடு, அவ்வளவுதான். அதுவும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. எடுத்தது யார் என்று சிநேகிதருக்கும் தெரியவில்லை. அங்கே நின்ற யாரோ எடுத்து அனுப்பி, கைமாறிக் கைமாறி வந்ததாம். "ஒரு வீடியோவக்கூட ஆடாம எடுக்கத் தெரியல, இது பெரிய நாடாம்!" என்று நான் கத்தியதில் பிள்ளைகள் பயந்துபோனார்கள். யாருமே இல்லாமல் அவரைக் கொண்டுபோய் மண்ணுக்குள் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் என் நினைப்பு. அன்றிலிருந்து அந்த நாட்டின் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் அன்று, பள்ளிவாசலில் விடியற்காலைத் தொழுகை முடித்த கையோடு என் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். எங்களில் அக்காவை லாத்தா என்போம், சாவை மௌத்து என்போம்.

"லாத்தா, மேட்டுல ஒரு பாய் மௌத்தாயிட்டாரு. இந்திக்காரரு. ஐஸ் பேக்டரில வேலை பார்த்தவரு. நீ கொஞ்சம் வரணும். அவரு வீட்டுக்குச் சொல்லணும், ஒருத்தருக்கும் பாஷை தெரியல."

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது அது. மறுநாள் கிளம்பப் போகிற படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. கூட வேலை பார்த்த இரண்டு பேர் "பாய், பாய்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பேர் கேட்டதற்கும் அவர்கள் ஏதோ செல்லப்பேரைத்தான் சொன்னார்கள். அதுவும் முஸ்லிம் பேர் மாதிரியே காதில் விழுந்தது. நம் ஊரில் பாய் என்றால் வேறென்ன அர்த்தம்? மேட்டுக்காரர்கள் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஜமாஅத்தும் அநாதையாக விடக்கூடாது என்று கபுருக்குக் குழி வெட்டச் சொல்லி, உடலைப் போர்த்தும் கஃபன் துணியும் வாங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மீனவர் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. அதை ஊர்ச் சாவு என்பார்கள். ஊர்ப் பெரியவரை அங்கே நாட்டார் என்று சொல்வார்கள். அவர் முந்தின நாளே படகை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டிருக்கிறார். இளவயசுப் படகுக்காரர் ஒருவர் அவரிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா படகக் கட்டிப்போட்டுட்டு ஒக்காந்திருக்கோம். மொத நாளும் அதுவுமா கட்டிப்போடச் சொல்றீங்க. அவன் நம்ம ஊர்க்காரனா? ஏத்துன ஐஸெல்லாம் உருகிப் போவுது நாட்டாரே!"

"அந்த ஐஸ ஏத்துனவன்தான்டா செத்துக் கெடக்கான்" என்றார் நாட்டார்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது, உடலை இறக்கினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் இறந்தவரின் ஃபோனை என் கையில் வைத்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது. வீடியோ கால். என் கை தானாகவே அதை எடுத்துவிட்டது.

சின்னப் பெண். இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். தலையில் முக்காடு. முக்காட்டுக்குக் கீழே வகிடு முழுக்கச் செந்தூரம்.

இவர் பாயே இல்லை. "பாய்" என்பது அவர்கள் பாஷையில் அண்ணன். அத்தனை வருஷம் இந்தி பேசிய எனக்கே அது தோன்றவில்லையே! காதில் அந்த வார்த்தை விழுந்ததுமே நானும் நம்ம ஆள் என்று முடிவு கட்டிக்கொண்டுதானே கிளம்பி வந்தேன். ஆனால் அதை யோசிக்க எனக்கு நேரம் ஏது? அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் நீங்கள், அவர் எங்கே என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் போன சேதியை எனக்குச் சொன்னவர்கள் எப்படியெல்லாம் சுற்றிவளைத்தார்கள், அதில் நான் எப்படித் துடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் சுற்றிவளைக்கவில்லை. தெரிந்த இந்தியில் நேராகச் சொல்லிவிட்டேன்.

அவள் அலறவில்லை. ஃபோன் கீழே விழுந்து, ஓட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நான் அப்படியே நின்றேன். என் பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

திரும்பி விஷயத்தைச் சொன்னேன். "நாம சொல்ற பாயி வேற, அவங்க சொல்ற பாயி வேறயா?" என்று மீனவப் பெண் ஒருத்தி அப்பாவியாகக் கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம். என் தம்பி கஃபன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். எங்கள் ஜமாஅத் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெட்டுன குழிய மூடச் சொல்லுங்க. அவங்க முறைப்படியே செய்யட்டும். ஆனா வந்தவங்க யாரும் வீட்டுக்குப் போவ வேணாம். வந்தது வந்ததுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உடலைத் தன் ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, நடக்க முடியாத மாமனாரையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவளும் வர முடியாது. அங்கேயே செய்துவிடுங்கள் என்று அவளே சொன்னாள். பிறகு, "தீதி, அங்கே அவருக்குத் தோள் கொடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். தீதி என்றால் அக்கா. என் மனுஷருக்காக நான் யாரிடமும் கேட்க முடியாமல் போன கேள்வி அது.

"இருக்கிறார்கள், நீயே பார்" என்றேன்.

"அப்படியானால் முடிகிறவரை ஃபோனை அணைக்காதீர்கள். அவர் தனியாகப் போகக் கூடாது" என்றாள்.

சார்ஜ் குறைவாக இருந்தது. மீனவப் பெண்கள் ஓடி, கடலுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பவர் பேங்க் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஊர்வலம் கிளம்பியது. முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில், நாட்டாரோடு எகிறிக்கொண்டிருந்த அந்தப் படகுக்காரரும் இருந்தார். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கென்று தொப்பி போட்டு வந்த எங்கள் ஆட்களும் மாறி மாறித் தூக்கினார்கள். தெருக்கோடிக்கு வந்ததும் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. எங்களிலும் அடக்கத்துக்குப் பெண்கள் போகமாட்டோம். நானும் நின்றேன்.

"தீதி, ஏன் நின்றுவிட்டீர்கள்?" என்று ஃபோனில் குரல் வந்தது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாட்டார் திரும்பி வந்தார். என் கையிலிருந்த ஃபோனை ஒருமுறை பார்த்தார்.

"வாங்க பாயம்மா. நீங்க எங்க வர்றீங்க? அந்தப் பொண்ணுல்ல வருது" என்றார்.

என் வாழ்க்கையில் நான் சுடுகாட்டுக்குள் கால் வைத்தது அன்று ஒரு நாள்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் இரைச்சல் கேட்கிற இடம். கொள்ளி வைக்கும்முன் அந்தப் பெண் அவர் முகத்தை ஒருமுறை காட்டச் சொன்னாள், காட்டினேன். பிறகு வந்திருக்கிறவர்களைக் காட்டச் சொன்னாள். நான் ஃபோனை மெல்லத் திருப்பினேன். தோளில் துண்டோடு மேட்டுக்காரர்கள், வெள்ளைத் தொப்பியோடு எங்கள் ஆட்கள், அழுதுகொண்டிருந்த அந்த இரண்டு பேர். அவள் ஒவ்வொரு முகத்துக்கும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு ஃபோனுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் ஆம்பிளைகள் திகைத்தார்கள். பிறகு படகுக்காரர் கையைக் குவித்தார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லோரும் குவித்தார்கள்.

நெருப்பு பிடித்தது. நான் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பல்லைக் கடித்துப் பார்த்தேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன், கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. "இவ பாக்குறதே கடைசியா ஒருதரம், அதையும் நீ ஆட்டி ஆட்டிக் காட்டுறியேடி பாவி" என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் கண்ணீரில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "போதும் தீதி" என்று அவளே சொல்லி ஃபோனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். ரொம்ப நாளாகத் தொடாமல் வைத்திருந்த அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். அதே மணல் மேடு, அதே ஆட்டம். எத்தனையோ தடவை பார்த்தது. ஆனால் அன்றைக்குத்தான் மணலை விட்டுவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். காற்றில் ஆடுகிற ஆட்டமில்லை அது, அவசரத்தில் ஆடுகிற ஆட்டமும் இல்லை. கொஞ்சம் முன்னால் என் கை எப்படி நடுங்கியதோ, அப்படியே இருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஓவென்று அழுதேன். அவர் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. பக்கத்தில் போகவே எல்லோரும் பயந்த அந்த நேரத்தில், என் மனுஷர் பக்கத்தில் ஒருவர் நின்று அழுதிருக்கிறார். முகம் தெரியாத என்னிடம் காட்ட வேண்டும் என்று ஃபோனைப் பிடித்திருக்கிறார். எந்தத் தேசத்துக்காரரோ, என்ன மதமோ. அவரைத்தான் நான் இத்தனை நாளாக, ஆடாமல் எடுக்கத் தெரியாதவன் என்று வைதுகொண்டிருந்தேன்.

மறுநாள் படகுகள் கடலுக்குப் போயின. அந்தப் பெண் எப்போதாவது ஃபோன் செய்து குழந்தையைக் காட்டுவாள். இரண்டு பேருமே அந்தக் காலையைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. எந்த நாடு பெரிய நாடு என்று டிவியில் யாராவது கத்திக்கொண்டிருந்தால், "நாடுன்னா இதுதான்டி" என்று என் மனுஷர் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவர் கட்டடங்களைக் காட்டித்தான் சொன்னார், எனக்கு என்னவோ அவரை மூடிய மண்ணுக்குப் பக்கத்தில் நின்று நடுங்கிய அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.