தூசி படியாத இடம்

ஜின்கள் இருக்கின்றன என்பதை மறுப்பவள் இல்லை நான், குர்ஆனில் வந்ததை மறுக்க நான் யார். ஆனால் அந்த வீட்டில் கண்டேன், இந்தக் கிணற்றடியில் கேட்டேன் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பேன். நீங்களும் அப்படித்தான் எழும்பப் போகிறீர்கள். பரவாயில்லை, முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் கணவர் லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து முதுகு பழுதான பிறகுதான் இந்த வீடு துப்புரவாக்கும் தொழிலை நான் தொடங்கினேன். காத்தான்குடியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை, வீட்டுக்காரர்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருப்பார்கள், ஊருக்கு வருமுன் யாராவது கழுவித் துடைத்து வைக்க வேண்டும், அதை நான் செய்கிறேன் என்றேன். கணவர் சிரித்தார். "நம்மட ஊட்டு ஒட்டறைய ரெண்டு பெருநாளைக்கும் நாந்தானே அடிச்ச?"

என் காக்கா, என் மூத்த அண்ணன், சிரிக்கவில்லை. "என்ட தங்கச்சி ஊரார்ர ஊடு கூட்டுறாண்டு ஆக்கள் கதைக்கிறத்த நான் கேக்கணுமா? முதல் ஊட்டுல ஒரு குறை வந்திச்செண்டா அதோட உட்டுப் போடணும்" என்றார். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் வீடு வாவிக்கரைப் பக்கம், நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. அடுத்த நாள் காலை வீட்டுக்காரி வந்து இறங்குகிறா. அவ அனுப்பிவைத்த திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜெசீமாவையும் துணைக்குக் கூட்டிப் போனேன். ஆளில்லாத வீடானாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைவோம், சொன்னேன். எங்கும் கால் பதியும் தூசி. பின் அறையில் மட்டும், நாங்கள் தொழும் திசையான கிப்லாப் பக்கச் சுவரோடு, ஒரு தொழுகைப் பாய் அளவு இடம் அப்போதுதான் துடைத்ததுபோல் பளிச்சென்று கிடந்தது.

"ராத்தா, இதென்ன, இங்க மட்டும் தூசி இல்ல?"

"பாய் கிடந்திருக்கும் புள்ள, எடுத்திருப்பாங்க."

"ஆரு எடுத்த? திறப்பு நம்மட கையிலயெல்லோ இருக்கு."

"வாயால கூட்டாம கையால கூட்டு" என்றேன்.

அஸர் தொழுகைக்கு வேறு சுத்தமான இடம் இல்லாததால் ஒருவர் பின் ஒருவராக அதிலேயே தொழுதோம். பிறகு கடைசித் துடைப்பு. ஈரத்தில் கால் தடம் விழாமல் உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்னுக்கு நடந்தபடியே துடைத்துக்கொண்டு வருவது எங்கள் முறை. வாசலுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன், அழுக்குத் தண்ணீர் வாளி ஒன்றைப் பின் அறையிலேயே விட்டுவிட்டேன். அதுவும் எங்கே, நாங்கள் நெற்றி வைத்த அதே இடத்தில். திரும்பிப் போனால் துடைத்ததெல்லாம் வீண், மஃரிபுக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள். விடியப் பார்ப்போம் என்று பூட்டிவிட்டு வந்தேன்.

திறப்பு என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. நித்திரை வரவில்லை. ஸுஜூது செய்த இடத்தில் ஊத்தைத் தண்ணீரை வைத்தேனே என்பது ஒரு பக்கம், வீட்டுக்காரி கண்டால் காக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னாகும் என்பது மறு பக்கம். ஸுபஹ் தொழுத கையோடு ஜெசீமாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நம்பினால் நம்புங்கள், அறையில் வாளி இல்லை. பின் கதவு நாங்கள் உள்ளே போட்ட கொண்டியோடு அப்படியே இருந்தது. அதைத் திறந்தால் வெளிப்படியில் வாளி, கழுவிக் கவிழ்த்து, துணியும் பிழிந்து அதன் மேல் விரித்திருந்தது. தரையில் ஒரு கால் தடம் இல்லை. அந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. ஜெசீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, நம்மட வேலைக்கு இன்னொராள் சேந்திருக்கு போல" என்றாள். சிரித்தாள், ஆனால் கையை விடவில்லை.

வீட்டுக்காரி வந்து ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தா. "மாஷா அல்லாஹ், நான் இருக்கக்குள்ளயும் இந்த ஊடு இப்பிடி இருக்கல்ல." அந்த அறையில் யார் தொழுவது என்று மெதுவாகக் கேட்டேன். "அதுவா? ஊடு கட்டக்குள்ள தரைக்குப் போடுற மாபிள் பெட்டி அடுக்கின அறையாச்சே, அதில ஆரு தொழுற?"

இப்போது காக்காவே வீடு பிடித்துத் தருகிறார். அல்ஹம்துலில்லாஹ், எட்டு வீடு பார்க்கிறேன், பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. வீட்டுக்காரி திரும்பவும் வெளிநாடு போய்விட்டா, அந்த வீட்டுக்கும் பெருநாளுக்குப் பெருநாள் போகிறேன். எங்கும் தூசி இருக்கும், அந்த இடத்தில் இருக்காது. நான் வாளியை முற்றத்திலேயே வைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிடுவேன். பயமில்லை, பழகிவிட்டது.

ஆனால் போன ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் போனபோது அந்த இடத்துக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது, அதைவிடச் சிறியது. என் கடைசி மகளுக்கு ஏழு வயதாகி, தொழப் பழக்கவென்று அந்த மாதம்தான் ஒரு சின்னப் பாய் வாங்கியிருந்தேன். சரியாக அந்த அளவு.