எட்டு மணி மாத்திரை

நான் நர்ஸாகப் போகும் வீட்டின் மருமகள், ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் கொண்டை போட்டுக்கொண்டே, கணினித் திரையை அதட்டுகிறாள்: "நீ முடி. அப்புறம்தான் அடுத்தவன்."

ஓடிக்கொண்டிருப்பது ரொட்டித் தொழிற்சாலையின் வேலை. தொழிற்சாலை எங்கோ இருக்கிறது. இவள் இருப்பது சாப்பாட்டு மேசையின் மூலையில். கணினிகள் தாமாகச் செய்யும் வேலைகளில் எது எப்போது கிளம்ப வேண்டும் என்று வரிசை போடுவது இவள் பிழைப்பு. கடைகளின் ஆர்டர் வந்து சேர்ந்தால் மாவு அளவு போடும் வேலை கிளம்பும். அது முடிந்தால், எத்தனை ரொட்டி சுடுவது என்று சொல்லும் அடுப்புப் பட்டியல்.

"முன்னெல்லாம் மணி பாத்துதான் ஓடும், நர்சம்மா. ஒருநாள் ஆர்டர் வர லேட்டு. மணியடிச்சதும் பட்டியல் கிளம்பிடுச்சு. எத்தனை ரொட்டி? பூஜ்யம்! அடுப்பு சூடா உக்காந்திருக்கு, ஊரே வெறும் டீ குடிக்குது." சொல்லும்போதெல்லாம் குலுங்கிச் சிரிப்பாள். "மணியை நம்பவே கூடாது. முடிஞ்சுதான்னு கேக்கணும்."

வீட்டில் மட்டும் எல்லாம் மணிதான். கைபேசியில் பதினேழு அலாரம். துவைத்த துணிக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு. மாமனார் இவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'அலாரம்'தான். அவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, சர்க்கரையும் உண்டு. ஒன்பதரைக்கு மேல் அவரைப் பார்த்துக்கொள்வது நான். அதற்கு முன், ஏழரைக்குக் கஞ்சி புகட்டுவது மகன். எட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பது மருமகள்; வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை சரிந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்கு கேஸ் தீர்ந்தது. மகன் கஞ்சி வைக்காமலே சிலிண்டர் தேடிப் போனான்; திரும்ப வெகுநேரம் ஆயிற்று. காதில் ஹெட்போனோடு தொழிற்சாலைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்த இவளுக்கு அது தெரியாது. எட்டடித்தது. பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கஞ்சி பின்னால் வரும் என்று அவரும் விழுங்கிவிட்டார்.

நான் போனபோது அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசினார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கால் மணியில், "எங்கே நம்ம அலாரம்?" என்றார். மனிதர் திரும்பி வந்துவிட்டார்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். "எட்டு மணிக்குள்ள எப்பவும் சாப்பிட்டிருப்பாரே, நர்சம்மா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேக்கலையே. நான் கேக்கவே இல்லையே."

மறுநாள் சீக்கிரமே போனேன். எட்டு மணி ஆயிற்று, எதுவும் அடிக்கவில்லை. மகன் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தான். அவள் கட்டிலருகே முக்காலியில், மாத்திரையை உள்ளங்கையில் மூடியபடி, மாமனாரின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியாயிற்று.

"கொடும்மா மாத்திரையை."

"இருங்க மாமா. வாயைத் திறங்க."

"எதுக்கு? பல்லை எண்ணப் போறியா? மூணுதான் இருக்கு."

"உள்ள போயிடுச்சான்னு பாக்கணும்."

அவர் திறந்தார். அவள் கைபேசியின் விளக்கை எரியவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்நாக்கு வரைக்கும் எட்டிப் பார்த்தாள்.